புதுப்பிப்பு: காவலூரில் சோதனைக்கு எந்த இரவு?

காவலூர் வானாய்வகத்தில் பொறியாளர்கள் தொலைநோக்கியைச் சோதிக்கத் தெளிந்த இரவை ஏன் செலவழிக்க வேண்டும், பகலிலேயே முடித்தால் என்ன என்று போன பதிவில் கேட்டிருந்தேன். விசாரித்ததில் தெரிந்தது இது. மோட்டார், கூரை, கேமராவின் குளிரூட்டல் எல்லாம் பகலில் பார்க்கலாம்தான். அங்குள்ள வைணு பாப்பு 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடிக்கு அலுமினியப் பூச்சு போட, வானம் மூடிக் கிடக்கும் மழைக்காலமே தோது.

ஆனால் தொலைநோக்கி சரியான இடத்தைக் குறிவைக்கிறதா என்று சரிபார்க்க நட்சத்திரம் வேண்டும். வானத்தின் மூலைக்கு மூலை ஒன்றைப் பிடித்து, அது நடுவிலிருந்து எத்தனை விகலை (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு) தள்ளி விழுகிறது என்று குறிப்பார்கள். தொலைநோக்கி சாயச் சாய அதன் எடையே சட்டத்தை லேசாக வளைக்கும். கணினி அந்தப் பிசகை ஈடுகட்ட இந்தக் கணக்கு தேவை. பிரகாசமான நட்சத்திரமே போதும் என்பதால் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளைக் கொடுத்துவிடலாம்.

மங்கலான பொருட்களுக்கான புதுக் கருவி வந்தால் மட்டும் அமாவாசை இருட்டு கேட்பார்கள். வானத்தை ஆராய்பவர்களுக்கும் அதே இருட்டு வேண்டும் என்பதால் இழுபறியே அங்கேதான். என் ஓட்டு பொறியாளர்களுக்கு. வானம் தெளியும் ஜனவரியிலேயே கொடுத்துவிடலாம்.