அரசுப் பல்கலையின் செயல்திறனை எதை வைத்து அளப்பது?

கேள்வி: முனைவர் பட்டத்துக்கு, தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் உத்தி நோக்கும் செயல்திறனும் என்று தலைப்பு எடுத்திருக்கிறேன் (உத்தி நோக்கு என்றால், ஒரு நிறுவனம் எதை முன்வைத்துத் திட்டமிடுகிறது என்பது). செயல்திறனுக்கு, ஒன்றிய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். தரும் மொத்த மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். கற்பித்தலும் வளங்களும் 30, ஆய்வு 30, பட்டம் முடித்தவர் நிலை 20, அனைவருக்கும் இடம் 10, பிறர் எண்ணம் 10 விழுக்காடு என்று எல்லாம் அதில் கலந்து கிடக்கிறது. பழைய பேர் உள்ள பல்கலைக்கு அந்தக் கடைசிப் பத்தில் சுலபமாக மதிப்பெண் விழும். பிரித்துப் பாருங்கள்.

இன்னொரு பதில்: உத்தி நோக்கை அளக்க, சந்தையியல் ஆய்வாளர்கள் நார்வரும் ஸ்லேட்டரும் 1990-இல் தந்த சந்தை நோக்கு அளவுகோலைத்தான் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது வணிக நிறுவனங்களுக்குச் செய்தது, வாடிக்கையாளர், போட்டியாளர், துறைகளின் ஒருங்கிணைப்பு என்று மூன்று பகுதி, ஆனால் இங்கே வாடிக்கையாளர் மாணவரா, நிதி தரும் அரசா? எங்கள் துறையில் ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன, கௌரவ விரிவுரையாளர்கள்தான் பாடம் நடத்துகிறார்கள், துணைவேந்தர் பதவியும் மூன்றே ஆண்டு. காலியிடத்தையும் நிதியையும் கட்டுப்பாட்டு மாறிகளாக, அதாவது அவற்றின் தாக்கத்தைத் தனியே கழித்துப் பார்க்கும்படி, சேர்க்காமல் வரும் முடிவை நான் நம்பமாட்டேன்.

கேட்டவர்: சரி சார், காலியிடக் கணக்கு எங்கே கிடைக்கும்?

பதில்: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். இப்போதே போட்டுவிடுங்கள், பதில் வர நாளாகும்.