அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் கல்லூரி உதவித்தொகை: எத்தனை பிள்ளைகளை எடுக்கலாம்?

மலைச்சபை பொருளாளர், ஏற்காடு:
தோத்திரம். அறுப்பின் பண்டிகையில் சபையார் கொண்டு வருகிற விளைபொருள்களின் ஏலம், ஸ்தோத்திரக் காணிக்கை இரண்டிலுமாக வருஷத்துக்குச் சுமார் 1,80,000 ரூபாயைக் கல்லூரிப் படிப்புக்கென்று ஒதுக்க எங்கள் கமிட்டி யோசிக்கிறது. தலைக்கு 15,000 வீதம் வருகிற ஜூனில் 12 பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். பெரும்பாலும் காபித் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். சேலம் அரசு கலைக் கல்லூரியிலோ கோரிமேடு மகளிர் கல்லூரியிலோ சேருவார்கள். பணத்தைக் கையில் கொடுப்பதா, கல்லூரியில் கட்டுவதா? வெளிநாட்டில் இருக்கிற சபையாரும் அனுப்பட்டுமா என்று கேட்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி கமிட்டி:
12 பேர் வேண்டாம் ஐயா, 4 பேரை எடுங்கள். பி.ஏ., பி.எஸ்சி. மூன்று வருஷப் படிப்பு. இந்த ஜூனில் 12 பேரை எடுத்தால் அடுத்த ஜூனில் வரும் காணிக்கை முழுவதும் அதே 12 பேருக்குச் சரியாகப் போய்விடும். புதிதாகப் பிளஸ் டூ முடித்து வருகிற பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல ஆயருக்கும் மனசு வராது, கமிட்டிக்கும் வராது. உடனே தொகையைப் பாதியாக்குவார்கள், அல்லது பழைய பிள்ளைகளுக்கு நிறுத்துவார்கள். பாதியில் படிப்பை விட்டு மறுபடி காபிப் பழம் பறிக்கப் போகிற பிள்ளைக்கு நாம் செய்தது என்ன?

வருஷம் 4 புதியவர்கள் என்றால் மூன்றாம் வருஷம் 12 பேர் ஆகிவிடும், செலவும் 1,80,000-இல் வந்து நிற்கும். முதல் வருஷம் 1,20,000, இரண்டாம் வருஷம் 60,000 மிஞ்சும். இரண்டையும் பிக்சட் டெபாசிட்டில் போட்டால் ஒரு முழு வருஷத் தொகை கையிருப்பு. பழுக்கிற நேரத்தில் மழை அடித்துக் காபி உதிர்ந்தால் ஏலமும் படுத்துவிடும். அந்த வருஷம் இதுதான் தாங்கும்.

இன்னொன்று, ஏலம் கேட்ட தொகையை வரவாக எழுதவே எழுதாதீர்கள். ஒரு வாழைத்தாரை உற்சாகத்தில் 3,000-க்குக் கேட்டிருப்பார், நோட்டில் அவர் பேரில் பாக்கி நிற்கும். மே கடைசி வரை கைக்கு வந்ததை மட்டும் வைத்து முடிவு எடுங்கள்.

கல்லூரி அலுவலகம்:
அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. பிள்ளையை வீழ்த்துவது விடுதி மெஸ் பில்லும், தேர்வுக் கட்டணமும், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுகிற அலைச்சலும்தான். அதனால் கட்டணத்தையும் விடுதித் தொகையையும் கல்லூரியில் நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள். மீதியை மாணவரின் சொந்த வங்கிக் கணக்கில் ஜூலையிலும் டிசம்பரிலும் இரண்டாகப் போடுங்கள். இரண்டாவது தவணைக்கு வருகைப் பதிவைக் கேளுங்கள். 75 சதவீதத்துக்குக் கீழே போகிறது என்றால் வீட்டில் ஏதோ சிக்கல் என்று பொருள், உடனே போய்ப் பாருங்கள். அரியர் இருக்கிறது என்று மட்டும் உதவியை நிறுத்தாதீர்கள். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் தடுக்குவது சகஜம்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும், கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். அது வருகிறது என்று சபைத் தொகையைக் குறைக்க வேண்டாம், மெஸ்ஸுக்கே போதாது. மலையாளி என்கிற மலைவாழ் பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியரிடம் வாங்க வேண்டும், நாளாகும். கிறிஸ்தவர் ஆனாலும் பழங்குடி உரிமை போகாது. பிளஸ் டூ படிக்கும்போதே அதற்கு ஆள் வைத்து அலையுங்கள். அரசு உதவித்தொகையே அதை நம்பித்தான்.

சேலம் ஆடிட்டர்:
வெளிநாட்டுப் பணத்தில் கவனம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப் பதிவும் புது டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் இல்லாமல் வாங்கக் கூடாது. லீவுக்கு வந்து காணிக்கை உறையில் ரூபாயாகப் போட்டாலும் அதே சட்டம். வேறு சங்கம் தன் பதிவில் வாங்கி உங்களுக்கு மாற்றித் தருவதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டில் துபாயில் வேலை செய்கிறவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம், பாஸ்போர்ட் நகலைக் கோப்பில் வையுங்கள்.

கல்விக் காணிக்கைக்குத் தனி உறை, தனிக் கணக்கு. இரண்டு பேர் எண்ணி, நோட்டு வாரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, திங்களன்றே வங்கியில் கட்டுங்கள். கூரை ஒழுகினாலும் அதில் கை வைக்கக் கூடாது.

மலைச்சபை பொருளாளர், ஏற்காடு:
நன்றி ஐயா. ஒருவர் பி.இ. சேர்ந்தால் நாலு வருஷம் ஆகுமே?

அஸ்தம்பட்டி கமிட்டி:
ஆகும். அவரை எடுக்கிற அன்றே நாலாவது வருஷத்துக்கான 15,000-ஐ டெபாசிட்டில் அவர் பேருக்கென்று பிரித்து, தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த கமிட்டி மாறி வந்தாலும் அது நிற்கும்.