பல் இம்ப்ளாண்ட்டுக்குத் தமிழில் ‘பல்முளை’ சரிவருமா?

> உள்வைப்பு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

அன்புள்ள ஐயா,

உள்வைப்பு தவறில்லை. இடுப்பு மூட்டில் வைப்பது, செவிக்குள் வைப்பது எல்லாவற்றுக்கும் பொதுவாக அது இருக்கட்டும். ஆனால் ‘பல் உள்வைப்பு’ என்றதும் பல்லையே வைக்கிறார்கள் என்று தோன்றுகிறது. என் மாமா அப்படித்தான் நம்பிப் போனார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, “காசை வாங்கிக்கிட்டு பல்லு வைக்காம அனுப்பிட்டாங்க” என்று அத்தையிடம் ஒரே புலம்பல்.

அன்று வைத்தது வேர். தாடை எலும்பில் துளையிட்டு டைட்டேனியத் திருகாணி ஒன்றை இறக்குகிறார்கள். எலும்பு அதை இறுகப் பற்ற மூன்று நான்கு மாதம் ஆகும். மேல்தாடையில் ஆறு மாதம்கூட ஆகலாம். அப்புறம்தான் அதன்மேல் ஓர் இணைப்புத் துண்டும், அதற்கு மேல் பல் வடிவ மூடியும். (சிலருக்கு அன்றைக்கே தற்காலிகப் பல் மாட்டி அனுப்புவதும் உண்டு.) பல்செட் ஈறின்மேல் உட்காருகிறது. பிரிட்ஜ் என்றால் பக்கத்துப் பற்களைச் செதுக்கி அவற்றின்மேல் நிற்கிறது. இரண்டிலும் வேர் கிடையாது. இங்கே புதிதாக வந்தது வேர்தான், பெயரும் அதைக் காட்ட வேண்டும்.

‘நடுகல்’ மாதிரி ‘நடுபல்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கும் ஆசைதான். ஆனால் அச்சில் ஒரு ‘ப்’ கூடிவிட்டால் நடுப்பல் ஆகி, முன்வாய்க்கு வந்துவிடும். ‘செயற்கைவேர்’ சரியான சொல், சுவைதான் இல்லை.

என் பரிந்துரை ‘பல்முளை’. மாடு கட்ட அடிப்பதும் முளை, குழந்தைக்குப் பல் வருவதும் முளைப்பது. இயற்கைப் பல்லை எலும்போடு நார்கள் பிடித்துத் தொங்கவைத்திருப்பதால் கடிக்கும்போது அது இம்மியளவு அசைந்து கொடுக்கும். இதற்கு அந்த நார்கள் கிடையாது, அடித்த முளைபோல ஆடாமல் நிற்கும்.

--

> பல்முளை

ஐயா, புணர்ச்சிப்படி இது ‘பன்முளை’ ஆகுமே? பல் + முகம் பன்முகம் ஆனதுபோல. பிறகு ‘பல முளைகள்’ என்றுதான் படிப்பார்கள். ஈறுக்குள் வளரும் பல் அரும்போடும் குழப்பம் வரும். இன்னொன்று: எலும்பு டைட்டேனியத்தோடு ஒன்றிப்போகிறதே, அந்த நிகழ்வுக்கு என்ன சொல்?

--

இலக்கணப்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் ‘பல்மருத்துவர்’ என்று எழுதுகிறோம், பன்மருத்துவர் என்று யாரும் எழுதுவதில்லை. பொருள் கெடும் இடத்தில் புணர்க்காமல் விடுவது நமக்குப் பழக்கம்தானே? அரும்புக்கு அரும்பு என்ற சொல்லே போதும்.

இரண்டாவது கேள்விதான் கஷ்டம். 1952 வாக்கில் சுவீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரானெமார்க் என்ற மருத்துவ ஆய்வாளர் முயல் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டேனியக் கருவி ஒன்றைப் பதித்தார். வேலை முடிந்து எடுக்கப் போனால் எலும்பு விடவில்லை. 1965இல் கோதன்பர்க்கில் முதல் நோயாளிக்குப் பல்முளைகளைப் பொருத்தினார். அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுக்கு மேல் அவை நின்றன. எல்லாவற்றுக்கும் அடிப்படை எலும்பின் அந்தப் பிடிவாதம்.

‘எலும்புப் பிடிப்பு’ என்றால் வாயுப் பிடிப்பு மாதிரி ஒலிக்கிறது. முறிந்த எலும்பு சேர்ந்தால் ‘எலும்பு கூடிவிட்டது’ என்போம், அதை வைத்து ‘எலும்புக்கூடல்’ என்று எழுதிப் பார்த்தேன். ஒரே ஓர் எழுத்து தவறினால் எலும்புக்கூடு! இப்போதைக்கு ‘எலும்பொன்றல்’ என்று வைத்திருக்கிறேன். அதிலும் ‘பொன்றல்’ எட்டிப் பார்க்கிறது. பொன்றுதல் என்றால் அழிதல். இதைவிட நல்லதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

மாமாவிடம் மட்டும் பல்முளை செல்லுபடியாகிவிட்டது. “முளை அடிச்சாச்சு மாமா, பல்லு இனிமேதான் கட்டுவாங்க” என்றதும், “அதை முதல்லயே சொல்றதுக்கு என்னவாம்?” என்றார்.