சரளைத் தரையில் சிதறும் காலித் தோட்டாக்களை எளிதாகச் சேகரிக்க வழி உண்டா?

கேள்வி: கானாடுகாத்தான் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். செட்டிநாட்டுப் பகுதிப் பள்ளி ஒன்றில் தேசிய மாணவர் படைப் பிரிவின் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் மாணவ மாணவியர் 0.22 ரைபிளில் சுடும் பயிற்சி பெறும் தளம் ஊருக்கு வெளியே, செம்மண்ணும் சரளைக்கல்லும் கலந்த திறந்த மேட்டில் இருக்கிறது. சுட்டு முடித்து, ரைபிளின் பின்பகுதியில் தோட்டாவை அடைத்து நிற்கும் உலோகத் தண்டான போல்ட்டைப் பின்னுக்கு இழுத்ததும் வெளியே விழும் பித்தளைக் காலித் தோட்டா ஒன்றரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய நீளம்தான் இருக்கும். வெயில் ஏறிய பிறகு, பொன்னிறமும் செந்நிறமும் கலந்த அந்தத் தரையில் எது கல், எது பித்தளை என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. மிதிபட்டுவிட்டால் மண்ணுக்குள் புதைந்தே போகிறது.

கொடுத்த தோட்டா எத்தனையோ அத்தனை காலித் தோட்டாவும் கணக்கில் திரும்பி வர வேண்டும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒன்று குறைந்தாலும் யாரும் கிளம்ப முடியாது. பிள்ளைகள் எல்லாரும் வரிசையாகக் குனிந்து தரையைத் துழாவ வேண்டியதுதான். முகாம்கள் பெரும்பாலும் கோடையில் வருவதால், அந்த வெயிலில் அவர்களை முழங்காலிட்டுத் தேட வைப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. கம்பின் நுனியில் காந்தம் கட்டிப் பொறுக்கலாம் என்று ஒருவரும், தென்னந்துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடலாம் என்று இன்னொருவரும் சொன்னார்கள். செலவு குறைவாகவும், பிள்ளைகளுக்குத் தீங்கு இல்லாமலும், கணக்குப் பிசகாமலும் இதைச் செய்யும் முறை எது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: தேவகோட்டை, ஓய்வுபெற்ற ராணுவத்தினர்

வணக்கம் அம்மா. விழுந்த பிறகு எப்படிப் பொறுக்குவது என்பதைவிட, அது தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று யோசிப்பதே சரியான தொடக்கம் என்பது என் கருத்து. பிள்ளைகள் பயன்படுத்தும் ரைபிள் தானியங்கி அல்ல. போல்ட்டை இழுத்தால்தான் காலித் தோட்டா வெளியே வரும். வெடுக்கென்று இழுத்தால் ஓரிரு அடி தள்ளித் தெறிக்கும். நிதானமாக இழுத்தால் ரைபிளின் வலப்பக்கத்திலேயே விழும். ஆகவே போல்ட்டை நிதானமாகக் கையாளப் பழக்குவதே பாதி வேலையைத் தீர்த்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு தார்ப்பாய் போதும். படுத்துச் சுடும் பாயின் வலப்புறத்தில், பிள்ளையின் தோளிலிருந்து ரைபிளின் நடுப்பகுதிவரை வரும்படி விரித்து, நான்கு ஓரங்களையும் மூங்கில் கழியின்மேல் சுருட்டிச் சற்றே உயர்த்திவிடுங்கள். ஓரம் உயர்ந்திருந்தால்தான் உருண்டு வரும் தோட்டா உள்ளேயே நிற்கும். செம்மண் நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் தார்ப்பாய் வாங்காதீர்கள். நீல நிறத்தில் பித்தளை பளிச்சென்று தெரியும்.

கணக்கை நாள் முடிவில் பார்ப்பதுதான் பெரும்பாலான இடங்களில் சிக்கலை உண்டாக்குகிறது. ஓர் அணி சுட்டு முடித்ததும், அடுத்த அணி பாயில் படுப்பதற்கு முன்பே, அந்த அணிக்குக் கொடுத்த தோட்டாவையும் திரும்பி வந்த காலித் தோட்டாவையும் ஒப்பிட்டுவிட வேண்டும். அப்போது ஒன்று குறைந்தால் தேட வேண்டிய இடம் ஒரு பாயின் அளவுதான். 0.22 தோட்டா 50 கொண்ட பெட்டியாக வரும்போது, உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனிக்குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். காலித் தோட்டாக்களை அதே குழிகளில் திருப்பி வைத்தால், எண்ணாமலேயே வெற்றுக் குழி கண்ணில் பட்டுவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். சுடுவது நின்று, எல்லா ரைபிள்களும் போல்ட் திறந்த நிலையில் கீழே வைக்கப்பட்டு, பொறுப்பு அதிகாரி ஒவ்வொன்றிலும் தோட்டா உட்காரும் அறை காலி என்று பார்த்துச் சொன்ன பிறகே யாரும் குனிந்து பொறுக்க வேண்டும். சுடும் கோட்டுக்கு முன்னால் ஒரு தோட்டா உருண்டு விழுந்திருந்தால், அது கையெட்டும் தூரத்திலேயே கிடந்தாலும், அந்த உத்தரவு வரும்வரை அங்கேயே கிடக்கட்டும்.

பதில்: கல்லல், இரும்புப் பட்டறை

காந்த யோசனையை விட்டுவிடுங்கள் அம்மா. தோட்டாப் பித்தளை என்பது ஏறத்தாழ 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்தது. காந்தம் அதை இழுக்காது. இரும்பு உறை கொண்ட தோட்டாக்களும் உலகில் உண்டு, அவற்றுக்குக் காந்தம் உதவும். உங்கள் பிள்ளைகள் சுடுவது அந்த வகை அல்ல.

வெளிநாட்டுச் சுடுதளங்களில் கம்பிக் கூண்டு உருளை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். மரத்தடியில் உதிர்ந்த கொட்டைகளைப் பொறுக்குவதற்காக வந்த கருவி அது. நீண்ட பிடியின் நுனியில், மெல்லிய வில்கம்பிகளால் ஆன முட்டை வடிவக் கூண்டு சுழலும். தரையில் அழுத்தி உருட்டினால் கம்பிகள் விலகித் தோட்டாவை உள்ளே விட்டு மறுபடி மூடிக்கொள்ளும். நின்றபடியே வேலை முடிந்துவிடும், முதுகு வலிக்காது. ஆனால் கம்பிகளின் இடைவெளி தோட்டாவின் பருமனைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 0.22 தோட்டாவின் உடல் 5.7 மில்லிமீட்டர்தான் என்பதால், பெரிய கொட்டைகளுக்கான உருளையை வாங்கினால் எல்லாம் வழியிலேயே சிந்திவிடும். கிடைப்பதிலேயே மிகச் சிறிய அளவைத்தான் கேட்டு வாங்க வேண்டும். சிமெண்ட் தரையிலும் குட்டைப் புல்லிலும் அது நன்றாக வேலை செய்யும். உங்கள் சரளைத் தரையில் தோட்டாவோடு அதே பருமனுள்ள கல்லையும் சேர்த்து விழுங்கும் என்பதால், அதற்காகப் பணம் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கருவியை மாற்றுவதைவிடத் தரையை மாற்றுவது மலிவு என்று நினைக்கிறேன். சுடும் கோட்டை ஒட்டி, பிள்ளைகள் படுக்கும் நீளத்துக்கு மட்டும் சரளையை வழித்தெடுத்துவிட்டு, நன்றாகச் சலித்த மணலை இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள். ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறைகளில் மணலைச் சலித்துத்தானே எடுக்கிறார்கள், அதே வேலைதான். மணலை முதலில் 4 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் சலித்துப் பரப்பிவிட்டால், பயிற்சிக்குப் பிறகு மேல்மணலை அள்ளி அதே சல்லடையில் போடும்போது மணல் முழுவதும் இறங்கிவிடும், பித்தளை மட்டும் மேலே நிற்கும். மிதிபட்டுப் புதைந்ததும் தப்பாது.

சரளையை மாற்ற வழியில்லை என்றால், சலித்த பிறகு மேலே நிற்கும் கல்லையும் தோட்டாவையும் சுளகில் போட்டுக் கொழித்துப் பாருங்கள். உள்ளே வெறுமையாக இருப்பதால், அதே அளவுக் கல்லைவிடத் தோட்டா இலேசாக இருந்து தனியே ஒதுங்கும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது கைவந்த வேலை.

பதில்: காரைக்குடி, வேதியியல் துறை

கல்லல் ஐயா சொன்ன மணல் யோசனை அருமையானது. ஆனால் சுளகில் கொழிப்பதை நான் வன்மையாக மறுக்கிறேன், துடைப்பத்தால் கூட்டுவதையும் அப்படியே. காரணம் ஈயம். 0.22 தோட்டாவின் குண்டு பெரும்பாலும் ஈயத்தால் ஆனது. தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்திலும் பெரும்பாலான தயாரிப்புகளில் ஈயச் சேர்மம் இருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அதன் நுண்துகள் காலித் தோட்டாவின் உட்புறத்திலும் சுடும் கோட்டருகே உள்ள மண்ணிலும் படிகிறது. உலர்ந்த மண்ணோடு கொழித்தாலும் கூட்டினாலும் அந்தத் தூசு நேரே மூக்குக்குத்தான் வரும். வளரும் பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட அதிகமாக ஈயத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அது மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது.

அதனால் சலிப்பதற்கு முன் மணலில் பூவாளியால் தண்ணீர் தெளித்துத் தூசு அடங்கச் செய்யுங்கள். சொதசொதவென்று ஆகிவிட்டால் சல்லடைக் கண் அடைத்துக்கொள்ளும், பொருபொருவென்று ஈரம் இருந்தால் போதும். சரளையிலிருந்து பிரிக்க வேண்டியதைக் கொழிக்காமல், நனைத்து வெள்ளைத் துணியில் பரப்பிக் கையுறையோடு பொறுக்குங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவிய பிறகே தண்ணீர்ப் பாட்டிலையோ சாப்பாட்டுப் பொட்டலத்தையோ தொட வேண்டும். காலித் தோட்டாவின் திறந்த வாயை உதட்டில் வைத்து ஊதி விசிலடிப்பது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. அதைப் பார்த்தவுடன் தடுத்துவிடுங்கள்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. சில தோட்டாக்கள் விசை இழுத்தும் வெடிக்காமல் வெளியே வந்துவிடும். 0.22 வகையில் பற்றவைக்கும் மருந்து அடிப்பகுதியின் விளிம்பு முழுவதிலும் இருப்பதால், அந்த விளிம்பு இரும்பில் நசுங்கினால் வெடிக்க வாய்ப்பு உண்டு. எனவே சல்லடையில் எதையும் போடுவதற்கு முன், நுனியில் குண்டு இருக்கும் தோட்டா ஏதேனும் கிடக்கிறதா என்று கண்ணால் பார்த்துப் பொறுப்பு அதிகாரியிடம் தனியாக ஒப்படைத்துவிட வேண்டும்.

சேகரித்ததைப் பழைய யூரியாச் சாக்கில் கட்டி வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். யூரியா ஈரத்தில் சிதையும்போது அம்மோனியா வெளியாகும். அழுத்தி உருவாக்கப்பட்ட பித்தளையை அம்மோனியா பிளந்துவிடும். ஆங்கிலேயர் காலத்தில், இந்தியாவில் மழைக்காலத்தின்போது குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவே காரணம் என்பதை 1921-இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பித்தளையைப் படிக்கும் எவரும் கடந்து வரும் நிகழ்ச்சி இது. உங்கள் காலித் தோட்டாக்கள் மறுபடி பயன்படப் போவதில்லை என்றாலும், பிளந்து நொறுங்கியதை எண்ணி ஒப்படைப்பது வீண் தலைவலி. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா போதுமானது.

பதில்: பள்ளத்தூர், துப்பாக்கி சுடும் பயிற்சியாளர்

தார்ப்பாய் யோசனை ரைபிளுக்குச் சரி. பின்னாளில் உங்கள் மாணவியர் யாரேனும் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிக்குப் போவதாக இருந்தால், அங்கே காலித் தோட்டா தானாகவே வலப்பக்கமாகத் தெறித்து வெளியேறும். பாய் விரித்துப் பயனில்லை. சுடுபவரின் வலப்புறத்தில் ஒரு சட்டம் நிறுத்தி அதில் நெருக்கமான நைலான் வலையைத் தளர்வாகக் கட்டி, கீழ்முனையைத் தொட்டிபோல மடித்துவிட்டால், வலையில் மோதியது அப்படியே வழுக்கித் தொட்டியில் விழும். வலையை விறைப்பாகக் கட்டினால் மோதித் திரும்பிவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கணக்குக்கு நான் பரிந்துரைப்பது துளைப் பலகை. 0.22 தோட்டாவின் உடல் 5.7 மில்லிமீட்டர், அடி விளிம்பு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். ஆகவே பலகையில் 6 மில்லிமீட்டர் துளை போட்டால் உடல் உள்ளே இறங்கும், விளிம்பு மேலே தடுத்து நிற்கும். வரிசைக்குப் பத்தாக ஐந்து வரிசை போட்டுவிட்டால் ஒரு பலகை 50. ஒரு கை அளவு தோட்டாவைப் பலகையில் கொட்டி மெல்ல அசைத்தாலே பெரும்பாலானவை தாமாகத் துளையில் இறங்கிவிடும். மீதியை விரலால் தள்ளினால் போதும்.

நகைக்கடைத் தராசில் நிறுத்து எண்ணலாம் என்றும் சிலர் சொல்வார்கள். ஒரு காலித் தோட்டா அரை கிராமுக்குச் சற்று மேல்தான் இருக்கும். தயாரிப்புக்குத் தயாரிப்பு எடை சிறிது மாறும். உள்ளே மண் அடைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். ஒன்றுகூடக் குறையக் கூடாத கணக்குக்கு எடையை நம்பக் கூடாது.

கேள்வி கேட்டவர்: கானாடுகாத்தான் ஆசிரியை

எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி. நீலத் தார்ப்பாயும் அணிக்கு அணி கணக்குப் பார்ப்பதும் அடுத்த பயிற்சியிலேயே தொடங்கிவிடலாம். தளம் எங்களுடையது அல்ல என்பதால் மணல் பரப்புவதற்கு அனுமதி கேட்க வேண்டும். துளைப் பலகையைப் பள்ளிக்கு வரும் தச்சரிடமே செய்யச் சொல்லலாம் என்று இருக்கிறேன். பலகை எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும், துளை அடிவரை போக வேண்டுமா?

பதில்: பள்ளத்தூர், துப்பாக்கி சுடும் பயிற்சியாளர்

12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை போதும் அம்மா. துளை மறுபக்கம்வரை போகட்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் மண்ணும் கீழே உதிரும், தோட்டாவின் வாய்ப்பகுதி அடியில் சிறிது நீட்டிக்கொண்டு நிற்பதால் எண்ணி முடித்ததும் அடியிலிருந்து தள்ளி எடுப்பதும் எளிது. பலகையின் இரு ஓரங்களிலும் அரை அங்குலக் கட்டை அடிக்கச் சொல்லுங்கள், மேசையில் வைக்கும்போது நீட்டிக்கொண்டிருக்கும் வாய் இடிக்காது. துளையின் மேல்வாயைத் தச்சர் உப்புத்தாளால் சற்றே தேய்த்துக் கொடுத்தால் தோட்டா தடையில்லாமல் இறங்கும். விளிம்பே உள்ளே போகும் அளவுக்குத் துளையை அகலப்படுத்திவிட வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லி, ஒரு காலித் தோட்டாவை உங்கள் முன்னிலையிலேயே போட்டுப் பார்த்துத் துளையிடச் செய்து, அதைத் திரும்ப வாங்கிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.