ஆடியோ ஓடும்போது ஆள் நின்றுவிடுகிறார்: கதையையும் ஆட்டத்தையும் எப்படி ஒட்டவைப்பது?

மரப்பாலம்:
வணக்கம். கைவிடப்பட்ட வானொலி நிலையத்தைச் சுற்றிப் பார்க்கும் ஃபர்ஸ்ட் பர்சன் (ஆடுபவரின் கண் வழியே பார்க்கும்) கேம் ஒன்றை உருவாக்குகிறேன், மொத்தம் 2 மணி நேரம். 34 கடிதங்கள், 11 ஆடியோ பதிவுகள், 6 பசில்கள் (புதிர்கள்). பதிவு ஓடத் தொடங்கியதும் ஆடுபவர்கள் அப்படியே நின்றுவிடுகிறார்கள். இல்லாவிட்டால் அடுத்த கடிதத்தைத் திறந்து இரண்டையும் கோட்டைவிடுகிறார்கள். பசிலுக்குள் போனால் கதையில் யார் யாரென்றே மறந்துவிடுகிறது. பசிலை எடுத்துவிட்டால் "சும்மா நடக்கிற கேம்" என்கிறார்கள். எதைக் குறைப்பது?

நிழல்வரை:
குறைக்கும் முன் அளந்து பாருங்கள். நடை வேகம் விநாடிக்கு 2.5 மீட்டர், பதிவு 40 விநாடி என்றால் அது முடிய 100 மீட்டர் பாதை வேண்டும். 6 மீட்டர் அறையில் நிற்காமல் என்ன செய்வார்கள்? பதிவை 15–20 விநாடிக்குச் சுருக்குங்கள். பதிவு ஓடும் கருவியை அறை நடுவில் வைக்காமல் படிக்கட்டோ நீண்ட தாழ்வாரமோ தொடங்கும் கதவருகே வையுங்கள். அந்தத் தூரம் முழுக்கப் பார்க்க ஏதாவது இருக்கலாம், படிக்கவோ திறக்கவோ எதுவும் வேண்டாம்.

குரல் கருவியிலிருந்தே வந்துகொண்டிருந்தால் தள்ளிப் போகப் போகத் தேய்ந்துவிடும். முதல் 2 விநாடி அங்கிருந்து வரட்டும், பிறகு ஆளோடு கூடவே போகட்டும். கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் ஸ்பேஷியல் பிளெண்டை (ஒலி ஓரிடத்திலிருந்து வருவதுபோல் கேட்க வேண்டுமா என்ற அளவு) 1-லிருந்து மெதுவாக 0-க்கு இறக்கினால் போதும். ஆனால் கரகரப்பு ஃபில்டரை எடுக்காதீர்கள். எடுத்தால் அது பழைய பதிவு என்ற உணர்வே போய்விடும்.

எல்லாக் குரலும் ஒன்று முடிந்தபின் அடுத்தது என ஒரே வரிசையில் நிற்க வேண்டும். நடுவில் கடிதத்தைத் திறந்தால் பதிவு நிற்கட்டும். மூடியதும் அறுந்த சொல்லிலிருந்து தொடராமல் அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து தொடரட்டும். இதற்கு ஒவ்வொரு வாக்கியமும் தனி ஃபைலாக இருக்க வேண்டும். குரல் பதியும்போதே வாக்கியங்களுக்கு நடுவே இடைவெளி விட்டுப் பேசச் சொல்லுங்கள், பிற்பாடு வெட்டுவது பெரும்பாடு.

ஏழாம்படி:
பசிலின் எண்ணிக்கை பிரச்சினையில்லை, விடை எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. ஃபியூஸை மாற்றி மாற்றிச் செருகுவது மாதிரியான பசிலில் போகும் 10 நிமிடமும் தலைக்குள் கதைக்கு இடமில்லை. 2019-இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ் கேமைப் பாருங்கள். 22 நிமிடத்துக்கு ஒருமுறை உலகம் முதலிலிருந்து தொடங்குகிறது, கையில் மிஞ்சுவது தெரிந்துகொண்ட விஷயம் மட்டும். அங்கே படிப்பதே முன்னேற்றம்.

உங்கள் பெட்டகப் பூட்டு நான்கு இலக்கம் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தில் "4471" என்று எழுதினால் எண்ணைப் பொறுக்கிக்கொண்டு கடிதத்தை மறந்துவிடுவார்கள். "நீ முதல்முறை ஒலிபரப்பிய நாள்" என்று எழுதுங்கள். சுவரில் இரண்டு அறிவிப்பாளர்களின் படம், இரண்டின் பின்னாலும் நாளும் மாதமும். கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்று புரிந்தால்தான் பூட்டு திறக்கும்.

குத்துமதிப்பாக அடிப்பதைத் தடுக்க ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் (2018) நல்ல பாடம். 60 பேரின் கதியைக் கண்டுபிடிக்க வேண்டும், மூன்று மூன்றாகச் சரியாக இருந்தால்தான் கேம் ஒப்புக்கொள்ளும். ஆனால் சரியான எண்ணைப் போட்டவரை "நீ இன்னும் கடிதத்தைப் படிக்கவில்லை" என்று மட்டும் மறிக்காதீர்கள். அதைவிட எரிச்சல் வேறில்லை.

மரப்பாலம்:
நன்றி. ஆறில் நான்கு ஃபியூஸ் வகைதான், மாற்றிவிடுகிறேன். 34 கடிதங்கள் அதிகமா?

நிழல்வரை:
கடிதம் திறந்திருந்த நேரத்தைப் பதிவுசெய்யுங்கள். 120 சொல் கடிதம் 4 விநாடியில் மூடினால் யாரும் படிக்கவில்லை. ஒரு கடிதத்துக்கு ஒரே புதுச் செய்தி, 60 சொல்லுக்குள். தெரிந்தே ஆக வேண்டியதை மட்டும் கடிதம், குரல், பொருள் என மூன்று இடத்தில் வையுங்கள்.

கடைவிளக்கு:
நிற்பதே தப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் எடித் ஃபின்ச் (2017) கேமின் மீன் ஆலைக் காட்சியில் ஒரு கை மீனை வெட்டிக்கொண்டே இருக்கும், மறு கை பகல்கனவுக்குள் நடக்கும், கதை சொல்லும் குரலும் ஓடும். சலிப்பான கைவேலையே அங்கே கதை.

உங்களிடம் வானொலி இருக்கிறதே! முக்கியமான இரண்டு மூன்று பதிவுகளை டயலைத் திருப்பிப் பிடித்துக் கேட்கும்படி செய்யுங்கள். அலைவரிசை மெல்ல நழுவ, 6–8 விநாடிக்கு ஒருமுறை கொஞ்சம் திருப்ப வேண்டும். அதைவிட அடிக்கடி நழுவினால் கவனம் முழுக்க விரலுக்குப் போய்விடும், குரல் காதில் ஏறாது. எவ்வளவு நழுவினாலும் வசனத்தின் எழுத்து திரையில் மங்கக்கூடாது.