ரிலே போர்டில் விளக்கு எரிகிறது, ஐ2சி ஸ்கேனில் ஒன்றுமே வரவில்லை (ராஸ்பெர்ரி பை 4)

புதுவயர்

வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன், கொஞ்சம் கை கொடுங்கள்.

ராஸ்பெர்ரி பை 4 (சின்ன ஒற்றைப் போர்டு கணினி) மேல் 8 ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள எக்ஸ்பான்ஷன் போர்டு ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். 40 பின் வரிசையில் நேராக உட்காரும் வகை, தனி வயர் எதுவும் கிடையாது. ரிலேக்களை இயக்கப் போர்டில் எம்சிபி23017 சிப் இருக்கிறது, அது பையோடு ஐ2சி என்ற இரண்டு வயர் இணைப்பில் பேசும், அதில் அதன் முகவரி ஹெக்ஸ் 20 என்று கையேடு சொல்கிறது. செடிகளுக்குத் தண்ணீர் விடும் வால்வுகளை இதை வைத்துத் திறந்து மூட வேண்டும்.

பவர் கொடுத்ததும் போர்டில் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் ஐ2சி-டிடெக்ட் (எந்த முகவரியில் சிப் இருக்கிறது என்று தேடும் கட்டளை) ஓட்டினால் கட்டம் முழுக்க வெறும் இரட்டைக் கோடுதான். பைத்தான் நிரலில் பிழை 121, ரிமோட் ஐஓ எரர். பையின் அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஐ2சியை ஆன் செய்து ரீபூட்டும் செய்துவிட்டேன். எஸ்டி கார்டில் ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட்டும் பார்த்தாயிற்று, மாற்றமே இல்லை. ஹேட் வகை போர்டு (பை மேல் பொருத்தும் போர்டுகளுக்கான வரையறைப்படி செய்தது) என்றால் பை தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும் என்று படித்தேன், அதுவும் நடக்கவில்லை. போர்டு செத்தே போய்விட்டதா?

நள்ளிரவுநிரல்

கான்ஃபிக் கோப்பைத் திறந்து ஐ2சி வரி இருக்கிறதா என்று பாருங்கள். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வோர்ம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு பூட் அடைவுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் அடைவுக்கு மாறிவிட்டது. பழைய வழிகாட்டியை நம்பிப் பழைய இடத்தில் எழுதினால் எடுபடாது.

ஈயப்பற்று

மென்பொருளை இனித் தொட வேண்டாம் நண்பரே. உங்கள் பிழை எண்ணே பாதி விடையைச் சொல்லிவிட்டது. ஐ2சி ஆன் ஆகாமல் இருந்தால் அந்த பஸ்ஸுக்கான (இணைப்புப் பாதைக்கான) சாதனக் கோப்பே இருக்காது, 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பிழை 2 வந்திருக்கும். 121 என்றால் பஸ் இருக்கிறது, பை கூப்பிட்டுப் பார்த்தது, எதிர்ப்பக்கம் யாரும் குரல் கொடுக்கவில்லை. முகவரி தவறாக இருக்கலாம் என்றும் சொல்ல முடியாது. முகவரியை அமைக்கும் ஜம்பரை எப்படி மாற்றி வைத்தாலும் எம்சிபி23017 ஹெக்ஸ் 20 முதல் 27க்குள் எங்காவது தலைகாட்டியே ஆக வேண்டும். உங்களுக்குக் கட்டமே காலி.

தானாக அடையாளம் காண்பது, 27, 28ஆம் பின்களில் ஈப்ரம் (போர்டின் விவரம் பதிந்த சின்ன நினைவகச் சிப்) வைத்த போர்டுகளுக்கு மட்டும்தான். 2014இல் வந்த ஹேட் வரையறையில் அது ஒரு நிபந்தனை. 40 பின் இருந்தாலே ஹேட் ஆகிவிடாது. உங்களுடையதில் அது இல்லாமல் இருக்கலாம், அதனால் ஒரு குறையும் இல்லை.

எனக்கு உறுத்துவது அந்தப் பச்சை விளக்குதான். 3.3 வோல்ட், பையின் 1ஆம் பின்னிலும் வருகிறது, 17ஆம் பின்னிலும் வருகிறது. டேட்டா 3ஆம் பின், கிளாக் 5ஆம் பின். அதாவது இரண்டும் வரிசையின் ஒரே முனையில், எஸ்டி கார்டு இருக்கும் பக்கம். அந்த முனை மட்டும் சரியாக இறங்காமல் தூக்கி நின்றால், நடுவில் இருக்கும் 17 வழியாக விளக்குக்குக் கரண்ட் போய்விடும், 3ம் 5ம் தொடாமலே நிற்கும். ரிலேக்களுக்கான 5 வோல்ட் வரும் 2, 4ஆம் பின்களும் அதே முனைதான்.

பையை ஷட்டவுன் செய்து, பவர் வயரையும் பிடுங்கிவிட்டு, போர்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். ஒரு தாளை இரண்டாக மடித்து, சாக்கெட்டுக்கும் பின் வரிசையின் கறுப்புப் பிளாஸ்டிக்குக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

புதுவயர்

அண்ணா, தாள் நுழைகிறது! யூஎஸ்பி பக்கம் முனையில் இடமே இல்லை. எஸ்டி கார்டு பக்கம் மடித்த தாள் தாராளமாக உள்ளே போகிறது. ஆனால் நான்கு ஸ்குரூவையும் நன்றாக முறுக்கித்தானே வைத்தேன்?

ஈயப்பற்று

முறுக்கியதால்தான் தூக்கி நிற்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு போர்டுக்கும் நடுவே இருக்கும் நான்கு ஸ்பேசரையும் கழற்றி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். சாதாரண 8.5 மில்லிமீட்டர் சாக்கெட்டுக்கு 11 மில்லிமீட்டர் ஸ்பேசர் வேண்டும். ஒன்று நீளமாக இருந்தாலும் அந்த மூலை இறங்காது.

கழற்றும் முன் மல்டிமீட்டர் இருந்தால் உறுதி செய்துகொள்ளலாம். பவர் இல்லாமல், பீப் அடிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பையின் அடிப்பக்கத்தில் 3ஆம் பின்னின் ஈயப் புள்ளியிலும், இன்னொன்றைச் சிப்பின் 13ஆம் காலிலும் வையுங்கள். அதேபோல் 5ஆம் பின்னுக்குச் சிப்பின் 12ஆம் கால். அடிப்பக்கம் திருப்பினால் வரிசை இடவலமாக மாறிவிடும், கவனம். சதுரமாக இருக்கும் ஈயப் புள்ளிதான் 1ஆம் பின், அங்கிருந்து எண்ணுங்கள்.

புதுவயர்

13க்கும் பீப் இல்லை, 12க்கும் இல்லை. போர்டை மேலிருந்து விரலால் அழுத்திப் பிடித்தால் இரண்டும் பீப் அடிக்கின்றன!

ஸ்பேசரைக் கழற்றி நிறுத்தினேன். மூன்று 11, ஒன்று 15 மில்லிமீட்டர். ஒன்று காணாமல் போனதால் வேறு டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டது நினைவுக்கு வருகிறது. அந்த மூலையை மட்டும் ஸ்பேசர் இல்லாமல் விட்டுப் போர்டை நேராக அழுத்தி உட்கார வைத்தேன். ஸ்கேனில் 20 வந்துவிட்டது. மூன்று நாளுக்கு அப்புறம் அந்த எண்ணைப் பார்த்ததில் எவ்வளவு நிம்மதி!

ஆனால் இப்போது வேறு தொல்லை. நிரல் தொடங்கியதும் எட்டு ரிலேயும் ஒன்றாகச் சடசடவென்று அடிக்கின்றன, பை ரீபூட் ஆகிவிடுகிறது. பூட் ஆனதும் நிரல் தானாக ஓடும்படி வைத்திருப்பதால் மறுபடி அதேதான்.

நள்ளிரவுநிரல்

தானாக ஓடுவதை முதலில் நிறுத்துங்கள். கையால் நான்கு ரிலேயை மட்டும் ஆன் செய்துவிட்டு, விசிஜென்கமாண்டில் கெட்-த்ராட்டில்டு (பைக்கு வோல்டேஜ் குறைகிறதா, வேகம் குறைக்கப்பட்டதா என்று சொல்லும் கட்டளை) என்ன காட்டுகிறது, பவர் எதிலிருந்து வருகிறது, நிரலின் தொடக்க வரிகள் என்ன என்று எழுதுங்கள்.

புதுவயர்

ஹெக்ஸ் 50005. பவர் ஒரு பழைய போன் சார்ஜர், 5 வோல்ட் 2 ஆம்பியர். பையில் திரை இல்லை, எஸ்எஸ்ஹெச் வழியாகத்தான் வேலை. நிரலில் முதலில் சிப்பின் ஐஓடிஐஆர் ரெஜிஸ்டரில் (பின் இன்புட்டா அவுட்புட்டா என்று சொல்லும் இடம்) 0 எழுதி எல்லாவற்றையும் அவுட்புட் ஆக்குகிறேன். நெட்வொர்க் கிடைக்க 2 விநாடி காத்திருப்பு. பிறகு ஓலாட் ரெஜிஸ்டரில் (பின்களில் வெளியே வர வேண்டிய மதிப்பு இருக்கும் இடம்) எல்லா பிட்டையும் 1 ஆக்கி ரிலேக்களை அணைக்கிறேன். இந்தப் போர்டில் 0 கொடுத்தால்தான் ரிலே இழுக்கும்.

நள்ளிரவுநிரல்

அந்த 2 விநாடிதான். எம்சிபி23017 பவர் வாங்கியதும் எல்லா பின்னும் இன்புட்டாக இருக்கும், ஓலாட்டில் எல்லாம் 0. நீங்கள் அவுட்புட் ஆக்கிய நொடியிலேயே அந்த 0 வெளியே வந்து எட்டையும் இழுத்துவிடுகிறது. வரிசையை மாற்றுங்கள்: முதலில் ஓலாட், அப்புறம் ஐஓடிஐஆர். இன்புட் நிலையிலும் ஓலாட்டில் எழுதலாம், மதிப்பு உள்ளேயே காத்திருக்கும்.

சார்ஜரையும் மாற்றியே ஆக வேண்டும். 50005 என்றால் இப்போதும் வோல்டேஜ் குறைவு, முன்பும் குறைந்திருக்கிறது, அதனால் வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. திரை இருந்திருந்தால் மின்னல் குறி காட்டியிருக்கும். சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை இப்படி எச்சரிக்கும். 5 வோல்ட் ரிலே காயில் பெரும்பாலும் 70 ஓம், ஒன்றுக்கு 71 மில்லி ஆம்பியர், எட்டுக்கு 570 பக்கம். பையின் சொந்தத் தேவைக்கு மேல் இது. பை 4க்கு 3 ஆம்பியர் சப்ளை வாங்குங்கள், நீளமான மெல்லிய கேபிள் வேண்டாம்.

புதுவயர்

இரண்டையும் மாற்றிவிட்டேன். நிரல் தொடங்கும்போது ஒரு சத்தமும் இல்லை. எட்டையும் வேண்டுமென்றே ஒன்றாக ஆன் செய்து பத்து நிமிடம் விட்டேன், கெட்-த்ராட்டில்டு 0 தான் காட்டுகிறது. நான்காவது 11 மில்லிமீட்டர் ஸ்பேசரும் கிடைத்துவிட்டது. இன்று மாலை வால்வுகளை இணைக்கப் போகிறேன். இரண்டு பேருக்கும் மிக்க நன்றி.

ஈயப்பற்று

மகிழ்ச்சி. இணைக்கும் முன் ஒன்று: வால்வுகள் டிசி வகையா?

புதுவயர்

ஆமாம் அண்ணா, 12 வோல்ட் டிசி. அதற்குத் தனி சப்ளை இருக்கிறது.

ஈயப்பற்று

அப்படியானால் ஒவ்வொரு வால்வின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு போடுங்கள், வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். இல்லாவிட்டால் ரிலே விடும்போதெல்லாம் காண்டாக்டில் பொறி பறக்கும், அந்த மின் இரைச்சலில் ஐ2சியில் திரும்பவும் 121 வரலாம்.