கொம்பியூட்டர் திறக்கப் பிந்துது: உங்கட வீட்டில நடந்ததைச் சொல்லுங்கோ

கோண்டாவில் மகள்:
அப்பாவின்ர கொம்பியூட்டர். 4 ஜிபி ராம், பழைய சுத்துற ஹாட் டிஸ்க், விண்டோஸ் 10. பின்னேரம் சுவிட்சைப் போட்டிட்டு, கிணத்தடியில குளிச்சு, சாமி விளக்கும் கொளுத்திப்போட்டு வருவார். அப்பவும் அந்த வட்டப் புள்ளியள் சுத்திக்கொண்டு நிக்கும். ரவுணில ஒரு கடையில காட்ட, பெட்டியைத் திறக்காமலே "வைரஸ் அக்கா, அழிச்சுப் புதுசாப் போடோணும்" எண்டு சொல்லிச்சினம். அதுதான் எனக்கு இப்பவும் மனசில கிடந்து அரிக்குது. பாக்காமல் எப்பிடிச் சொல்லலாம்?

பிறகு பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூண்டையும் சேர்த்து அமத்தி எது எவ்வளவு வேலை செய்யுதெண்டு காட்டுற டாஸ்க் மனேஜரைத் திறந்தான். டிஸ்க் 100 வீதத்தில நிக்குது, சீபியூ சும்மா கிடக்கு. "அக்கா, டிஸ்க்தான் குடுக்க ஏலாமல் திணறுது" எண்டான். சுத்துற பாகம் இல்லாத, கெதியான எஸ்எஸ்டி டிஸ்க் ஒண்டு வாங்கி, பழையதில இருந்ததெல்லாத்தையும் அப்பிடியே அதுக்குக் குளோன் (முழுப் பிரதி) பண்ணிப் போட்டான். அண்டைக்குப் பின்னேரம் அப்பா வழமைபோலச் சுவிட்சைப் போட்டுத் துவாயைத் தோளில எடுத்துப் போட்டவர், படி இறங்க முதல் பாஸ்வேட் கேட்டுட்டுது. கொஞ்ச நேரம் நிண்டு பாத்திட்டுத் திரும்பி வந்து கதிரையில இருந்திட்டார். குளிப்பு அண்டைக்கு இரவுதான்.

வடமராட்சியான்:
எல்லாத்துக்கும் எஸ்எஸ்டி எண்டு சொல்லாதேங்கோ. எங்கட வீட்டில எஸ்எஸ்டிதான் இருந்தது. விண்டோஸ் வர முதலே கறுப்புத் திரையில நிண்டு எஃப்1 ஐ அமத்தச் சொல்லும். அம்மாவுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, அதையே பாத்துக்கொண்டு இருப்பா. அங்கால லண்டனில தங்கச்சி வீடியோ கோலுக்குக் காத்துக்கொண்டு நிக்கிறாள். ஒருமாதிரி உள்ளுக்குப் போனாலும் பிரவுசர் ஒரு தளத்தையும் திறக்காது, இணைப்புப் பாதுகாப்பில்லை எண்டு நிக்கும். மூலையில திகதியைப் பாத்தால் 2012 தை 1.

மதர்போட்டில இருக்கிற சிஆர்2032 பற்றரி செத்துப்போச்சு, அவ்வளவுதான். திகதி அவ்வளவு பின்னுக்குப் போனால் தளங்களின்ர பாதுகாப்புச் சான்றிதழ் ஒண்டும் செல்லுபடியாகாது. எங்கட பக்கம் இடி மின்னலுக்குப் பயந்து பிளக்கைக் கழட்டி வைக்கிறது வழக்கம். பிளக் சுவரில குத்தியிருந்தால் உள்ளுக்குள்ள இருக்கிற மணிக்கூட்டுக்குக் கரண்ட் அதாலயே போகும். கழட்டினால் முழுப் பாரமும் பற்றரியிலதான். 2022 பங்குனிக் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவை, ஞாபகம் இருக்கோ? அந்தக் காலத்துக்குப் பிறகுதான் எங்கடது படுத்தது.

நல்லூர் அண்ணை:
வடமராட்சியான், உம்மட பிரச்சினை விண்டோஸுக்கு முதல் ஓடுற பயோஸில, பிள்ளையின்ரது டிஸ்கில. ரெண்டையும் போட்டுக் குழப்பாதையும். பிரிச்சுப் பாக்க வழி இருக்கு. டாஸ்க் மனேஜரில ஸ்டார்ட்அப் பக்கத்தில, மேல வலப்பக்கம் 'லாஸ்ட் பயோஸ் டைம்' எண்டு செக்கனில காட்டும். அது பெரிசெண்டால் விண்டோஸைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. பற்றரி, எந்த டிஸ்கில இருந்து தொடங்கிறதெண்ட பூட் வரிசை, பின்னால குத்தினபடி மறந்துபோன யூஎஸ்பி, இதுகளைத்தான் பாக்கோணும்.

என்ர கதை சின்னன். மச்சான் வீட்டில "ஒவ்வொரு இரவும் ஷட்டவுன் குடுத்துத்தானே படுக்கிறம்" எண்டு சொல்லிச்சினம். டாஸ்க் மனேஜரில சீபியூ பக்கத்தைத் திறந்து, எத்தினை நாளா ஓடுது எண்ட கணக்கைக் காட்டினன். கிழமைக்கணக்கில ஓடிக்கொண்டிருக்கு. மச்சாள் என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்கோ, நான் அவவைப் பொய்க்காரி எண்டு சொன்ன மாதிரி. இப்பவும் அந்தப் பார்வை மறக்கேல்லை.

ஆனா பொய் ஒருத்தரும் சொல்லேல்லை. விண்டோஸ் 8 இல இருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' எண்டு ஒண்டு இருக்கு. ஷட்டவுன் குடுத்தால் விண்டோஸின்ர மையப் பகுதியான கேர்னலை முழுசா மூடாமல் டிஸ்கில ஒரு கோப்பா எழுதி வைச்சு, அடுத்த முறை அதை வாசிச்சு எழும்பும். பிரிண்டர் மாதிரிச் சாமான்களை இயக்கிற டிரைவர் மென்பொருள் ஒண்டு குழம்பியிருந்தால் அந்தக் குழப்பமும் கூடவே எழும்பும். ரெஸ்ரார்ட் குடுத்தால்தான் முழுசாப் புதுசாத் தொடங்கும். அதால, ஆரையும் கூப்பிட முதல் ஒருக்கால் ரெஸ்ரார்ட் குடுங்கோ. பிறகு ஸ்டார்ட்அப் பட்டியலில பிரிண்டரின்ர துணை மென்பொருள், கேம் லோஞ்சர், வீடியோ கோல் செயலியள் எல்லாத்தையும் டிசேபிள் பண்ணுங்கோ. அதால ஒண்டும் அழியாது, தேவைப்படேக்க நீங்களே திறக்கலாம். அன்ரிவைரஸில மட்டும் கை வைக்காதேங்கோ. ரெண்டு அன்ரிவைரஸ் இருந்தால் ஒண்டைக் கழட்டுங்கோ, ஒண்டை ஒண்டு மறிச்சுக்கொண்டு நிக்கும். விண்டோஸின்ர அமைப்புப் பதிவுகளைத் துப்பரவாக்கிறம் எண்டு வாற ரெஜிஸ்ட்ரி கிளீனர் வேண்டவே வேண்டாம். பிரீஃபெட்ச் ஃபோல்டரை அழிக்கச் சொல்லுற வீடியோக்களையும் நம்பாதேங்கோ. அது கெதியாத் திறக்கிறதுக்கெண்டே விண்டோஸ் எழுதி வைக்கிறது, அழிச்சால் அடுத்தமுறை இன்னும் பிந்தும். எம்எஸ்கொன்ஃபிக் எண்ட விண்டோஸ் அமைப்புப் பக்கத்தில புரொசெசர் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லுறதும் வீண். புரொசெசருக்குள்ள இருக்கிற எல்லாக் கோர் பகுதியளையும் விண்டோஸ் ஏற்கெனவே பாவிக்குது, அந்த இடம் குறைக்கிறதுக்கு இருக்கிறது.

மானிப்பாய் ரீச்சர்:
அண்ணை, எழுதினதெல்லாம் சரி. ஆனா முதல் பாக்கவேண்டியதை ஒருத்தரும் சொல்லேல்லை. டிஸ்க் சாகுதோ எண்டதை.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டுச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால போகேக்க அம்மா பையில கொண்டுபோனது அல்பத்தில இருந்து பிடுங்கின கொஞ்சப் படங்கள். பிறகு அதுகளும் பூஞ்சணம் பிடிச்சு ஒண்டோடொண்டு ஒட்டத் தொடங்க, எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி டி டிரைவில போட்டு வைச்சம். கொம்பியூட்டர் திறக்கப் பிந்துதெண்டு ஒரு கடையில குடுக்க, டிஸ்க் முழுக்க ஃபோர்மற் பண்ணி விண்டோஸ் புதுசாப் போட்டுத் தந்தவை. உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லை. ரெண்டு மூண்டு நாள் கெதியா வேலை செய்தது. ஒருநாள் அம்மா வந்து பக்கத்தில இருந்து, "அப்புவின்ர படத்தை ஒருக்கால் காட்டு பிள்ளை" எண்டா. டி டிரைவே இல்லை. நான் மௌஸைப் பிடிச்சபடி இருக்கிறன், அம்மா திரையைப் பாத்துக்கொண்டு இருக்கிறா.

திரும்பவும் அது பிந்தத் தொடங்க, என்னட்டைப் படிச்ச ஒரு பெடியன் டிஸ்கின்ர நிலையைச் சொல்லுற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ எண்ட மென்பொருளைப் போட்டுக் காட்டினான். மஞ்சள் நிறம், கவனம் எண்டு அர்த்தம். பழுதான செக்டர்கள், எண்டால் டிஸ்கில தகவல் எழுதுற துண்டுகள், கூடிக்கொண்டு போகுது. முதல் நாளே அதைப் பாத்திருந்தால் ஒரு நிமிச வேலை. கோண்டாவில் பிள்ளை, உங்கட பழைய டிஸ்க் குளோன் பண்ணத் தாங்கினது நல்லகாலம். பழுதான டிஸ்க் எண்டால் குளோன் பாதியில நிக்கும், டிஸ்க் மொத்தமாப் போகவும் கூடும். முதல் படங்களை வேற இடத்தில பிரதி எடுக்கோணும், மிச்சம் பிறகு.

வடமராட்சியான்:
ரீச்சர், வாசிக்க நெஞ்சு பாரமாப் போச்சு. நல்லூர் அண்ணைக்கு ஒண்டு மட்டும்: அந்த பயோஸ் டைம் எல்லாப் பெட்டியிலயும் காட்டாது. பழைய பயோஸ் எண்டால் அந்த இடமே வராது, எங்கடதில இல்லை. அதாலதான் நான் கண்ணால கண்டதைச் சொன்னனான். குழப்பேல்லை.

தென்மராட்சி மருமகள்:
ரீச்சர், படங்கள் திரும்பி வந்ததோ? எங்கட மாமி வீட்டிலயும் இதே கதை, போன கிழமை ஃபோர்மற் பண்ணியாச்சு.

மானிப்பாய் ரீச்சர்:
பாதிக்குக் கிட்ட வந்தது. அப்புவின்ர படம் வரேல்லை.

மாமியின்ரது எஸ்எஸ்டியோ, சுத்துறதோ? எஸ்எஸ்டி எண்டால் ஃபோர்மற்றோட, அழிச்ச இடத்தை வெறுமையாக்கிற ட்ரிம் ஓடியிருக்கும், மீட்கிறது மிச்சம் கஷ்டம். சுத்துறதெண்டால் இப்பவே நிப்பாட்டச் சொல்லுங்கோ. விண்டோஸ் ஓட ஓடப் பழைய படங்கள் கிடந்த இடத்தில புதுசு எழுதுப்படும். டிஸ்கைக் கழட்டி, லினக்ஸ் ஓடுற கொம்பியூட்டரில, டிடிரெஸ்க்யூ எண்ட மென்பொருளால அதைவிடப் பெரிய வேற டிஸ்கில முழு இமேஜ் (டிஸ்கின்ர அச்சுப் பிரதி) எடுத்து, அந்த இமேஜில அழிஞ்ச கோப்புகளைத் தேடி எடுக்கிற ஃபோட்டோரெக்கை ஓடவிடுங்கோ. ரெண்டுக்கும் காசில்லை. பழைய கோப்புப் பெயர்கள் வராது, எண்தான் இருக்கும். பிரவுசரில பாத்த குட்டிப் படங்களும் குவிஞ்சு வரும், கோப்பின்ர அளவால பிரிச்சால் தேடச் சுகம். டிஸ்க் டிக் டிக்கெண்டு சத்தம் போடுதெண்டால் மட்டும் வீட்டில ஒண்டும் செய்யாதேங்கோ, மீட்பு வேலை தெரிஞ்ச ஆக்களிட்டக் குடுங்கோ.